பூஜையில் வைத்த போன்

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அம்மன் முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இதில் மாற்றமே கிடையாது. போன வருஷம் இந்த வழக்கத்தை நான் ஒரு கெட்ட எண்ணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன். அம்மனுக்கு அது தெரியும். எழுதியும் வைத்துவிடுகிறேன்.

என் மகள் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடலோரத்திலிருக்கும் எங்கள் நெம்மேலியிலிருந்து தினமும் பஸ். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் பன்னிரண்டாவது முடிக்கிறவரை பாடம் ஒப்பித்தது என்னிடம்தான். புத்தகத்தை மடியில் வைத்து, இங்கிலீஷ் பாடமென்றாலும் விரலால் எழுத்துக்கூட்டிக்கொண்டே போவேன். அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு 'தி' விட்டாலும் பிடித்துவிடுவேன். "மொதல்லருந்து சொல்லு" என்பேன். அவள் அழுதாலும் விட மாட்டேன். அவள் மார்க் வாங்கினபோதெல்லாம் அதில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன்.

காலேஜில் சேர்ந்த பிறகு புத்தகமே வீட்டுக்கு வரவில்லை. எல்லாம் போனில். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒன்று அதில் இருக்கிறது. மாடியில் நடந்துகொண்டே அதனோடு இங்கிலீஷில் பேசுவாள், சிரிப்பாள், கடைசியில் தேங்க்ஸ் சொல்லுவாள். நான் தோசை ஊற்றித் தட்டை நீட்டினால் "வச்சிட்டுப் போம்மா" என்பாள். எனக்கு எப்படி இருக்கும்? பெற்ற பெண்ணை ஒரு கண்ணாடித் துண்டு வாங்கிக்கொண்டு போகிறதே என்று வயிறு எரியும்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் பாடம் நடத்துவதைப் பற்றி, தன்னோடு படிக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, பேச்சைப் பதிவு செய்து, எழுதி அனுப்ப வேண்டும். பூஜைக்கு முந்தின நாள் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, போனிலேயே எழுதி முடித்தாள். நான் சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"சார் ஸ்லைடு போட்டு அதயே படிச்சிட்டுப் போறாரு, அத நான் பஸ்ல வந்துகினே படிச்சுக்க மாட்டனா?" என்றான் ஒருவன். விடுதியில் இருக்கும் பெண் ஒருத்தி, "கிளாஸ்ல எழுந்து கேட்டா சிரிப்பாங்க. அதுல டைப் பண்ணிக் கேக்க எனக்கு தைரியம் வருது" என்றாள். இன்னொருவன், "நெட்டு இல்லாத ஊர்லருந்து வர்றேன். லீவுல நான் படிக்காதவன் மாதிரிதான்" என்றான். எல்லாமே எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் என் மகளின் குரல் வந்தது. தன் கருத்தையும் அவள் பதிவு செய்திருந்தாள்.

"எங்கம்மா ஒப்பிக்கச் சொல்லும். ஒரு வார்த்த மாறினா திரும்ப மொதல்லருந்து. இது அப்படி இல்ல. ஏன் மாறுச்சுன்னு சொல்லும். எத்தன தடவ கேட்டாலும் கோச்சுக்காது."

நான் அங்கே இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை. கடலையை முறத்தோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் போனை அணைத்து, பின்பக்கம் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் பழைய நோட்டுகளுக்கு மேலே வைத்துவிட்டேன்.

"இன்னாம்மா இது? போனையா வப்பாங்க?"

"ஒம் பாடமெல்லாம் அதுலதான கீது? அப்ப அதான் பொஸ்தகம்."

"அப்ப டிவி ரிமோட்டயும் வையி. நீ சாமி கும்புடறதே அதுலதான்" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "சாயந்தரம் எடுத்துக்கட்டா?" என்றாள்.

"வச்சது வச்சதுதான். நாளைக்குப் பூஜை பண்ணிட்டு எடு."

பூஜையில் வைத்ததைத் தொட அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கும் நான்தான் காரணம். ஏழாவது படிக்கிறபோது பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த வாரம் காய்ச்சல் வந்தது. அதனால்தான் வந்தது என்று மாசக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பூஜை நாள் முழுக்க அவள் என்னோடு இருந்தாள். பொரி பொட்டலம் கட்டினாள், வாசலில் கோலத்துக்குச் செம்மண் பூசினாள். சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைக்கவில்லை.

நாலரை மணிக்கு, அவளோடு படிக்கும் அடுத்த தெருப் பெண் சுண்டலுக்கு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, அந்தப் பேட்டிய அவ அனுப்பிட்டாளா? அஞ்சு மணிக்கு சைட்ட மூடிடுவாங்க. போடலன்னா இந்தப் பேப்பருக்கு இன்டர்னல் மார்க்கே கிடையாது" என்றாள்.

"லீவு நாள்ல இன்னாடி?"

"அதுக்கு லீவு ஏது ஆன்ட்டி?"

உள்ளே ஓடினேன். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எழுந்திரு, போய் எடுத்துக்கோ" என்றேன்.

"வேணாம்மா. நாளைக்கு எனக்குத் தலைவலி வந்தாலும் இதாலதான்னு சொல்லுவ."

அடித்த மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மன் முன்னால் நின்றேன். சத்தமாகவே சொன்னேன்: "தாயே, இது ஒனக்காக வச்சது இல்ல. பொறாமையில வச்சேன். நானே எடுக்கறேன். வர்றது எனக்கு வரட்டும்."

"யாரு மேல பொறாமை?"

"இதும் மேலதான்" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் முகம் என்னவோ ஆயிற்று. பேச நேரமில்லை. அவள் போனை ஆன் செய்ய, நான் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன். வீட்டுக்குள் சிக்னல் வரவில்லை. மூன்று பேரும் மாடிக்கு ஓடினோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கந்தனையும் கூப்பிட்டேன், கருமாரியையும் கூப்பிட்டேன். அந்தக் கண்ணாடித் துண்டையே, "போயிடு, போயிடு" என்று கெஞ்சினேன்.

"போயிடுச்சு" என்றாள். ஐந்துக்கு இரண்டு நிமிஷம்.

தோழி போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். கடல் காற்று நன்றாக அடித்தது.

"நேத்து நான் பேசினதக் கேட்டியா?"

"கேட்டேன்."

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நெசத்தத்தான்மா சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

"நீ கோச்சுக்குவன்னு பயந்துதான், அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னு மத்தியானமே சொல்லல. அதான் பேஜாராப் போச்சு" என்றாள்.

அவளுக்கு மார்க் வந்தது. என் பொறாமை இன்னும் போகவில்லை. மாடியில் அவள் அதனோடு சிரிக்கிறபோது இன்றும் எரியத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் எரிந்தால் அவளிடமே சொல்லிவிடுகிறேன்.