ஹெல்பர் ஆனந்தன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இராமகிருஷ்ணனின் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ்கள் பதினான்கு வருஷமாக ஓடுவது ஆனந்தனின் கையால்தான். தகட்டை வெட்டுகிற டை அச்சில் முடியளவு தேய்மானம் இருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வருகிற கஸ்டமரிடமெல்லாம் முதலாளி இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். ஆனந்தனிடம் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஆனந்தனும் மனைவி ரேணுகாவும் பாரிவாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுவதென்று முடிவெடுத்திருந்தார்கள். அங்கே டை செய்து பழுது பார்க்கிற டூல்மேக்கர் வேலைக்கு ஆள் தேவை. குமணன்சாவடியில் விசா வேலை பார்த்துத் தரும் தேவிப்பிரியா முதலில் கேட்டது ஒரே ஒரு காகிதம்.

"கம்பெனி லெட்டர்ஹெட்ல, நீங்க என்ன வேலை பாக்கறீங்க, எத்தன வருஷம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்த வருஷம் உங்களுக்கு நாப்பது. அப்புறம் விசாவுக்கு வயசுக்கான பாயிண்ட் குறைஞ்சிடும்."

முதலாளி மூன்று மாதம் இழுத்தடித்தார். ஆடிட்டர் வரட்டும் என்றார். லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டது என்றார். லெட்டர்ஹெட் கட்டு அவர் மேஜைமேலேயே இருந்தது. டீ கிளாஸை அதன்மேல்தான் வைப்பார்.

ஒரு வழியாக ஒரு திங்கட்கிழமை காகிதம் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. பதவி என்ற இடத்தில் ஹெல்பர் என்று இருந்தது.

"இன்னா சார் இது? நான் ஹெல்பரா? மனசாட்சியத் தொட்டு சொல்லு சார்."

"ரெஜிஸ்டர்ல இருக்கறதத்தான் எழுத முடியும்."

"உன் இஷ்டத்துக்கு எழுதி வெச்சிகினு என்கிட்டயே காட்றியா?"

"என் இஷ்டமா?" இராமகிருஷ்ணன் ஒரு பழைய ஃபைலை எடுத்து மேஜையில் வீசினார். "நீயே படி."

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மனு அது. ரேணுகாவின் இதயத்தில் வால்வு மாற்ற வேண்டியிருந்த சமயம். டூல்மேக்கர் என்று பதிந்தால் சம்பளம் வரம்பைத் தாண்டிவிடும்; ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டை போய்விடும். அதனால் தன்னை ஹெல்பராகவே பதிவில் வைத்திருக்கும்படி ஆனந்தன்தான் கேட்டிருந்தான். அட்டை நிலைத்தது, ஆபரேஷன் நடந்தது, அவள் பிழைத்தாள். ஹெல்பர் சம்பளமே போதும் என்பதால் முதலாளிக்கும் அது லாபம்தான். அதன் பிறகு யாரும் பதிவை மாற்றவில்லை.

கையெழுத்து அவனுடையது. எழுத்து ரேணுகாவுடையது. அவன் எழுதினால் கோழி கிளறினாற்போல் இருக்கும் என்று, மூச்சு வாங்கிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து குண்டு குண்டாக எழுதித் தந்திருந்தாள். ஆனந்தன் ஃபைலை மூடிவிட்டு, லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அப்போது வெளியே நாலாவது பிரஸ் நின்றது.

"டை பிசிறு அடிக்குது பாரு," என்றார் இராமகிருஷ்ணன், ஒன்றுமே நடக்காதது போல. "சீக்கிரம் சரி பண்ணு. சாயங்காலம் லோடு போகணும்."

"டூல்மேக்கரக் கூப்புடு சார். நான் ஹெல்பர்."

துடைப்பத்தை எடுத்துவந்து பிரஸ்ஸைச் சுற்றிக் கிடந்த தகட்டுத் துணுக்குகளைக் கூட்ட ஆரம்பித்தான். முதலாளி கத்தினார், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். அவன் நிமிரவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினான். லோடு ஏற்ற வந்த லாரி சாயங்காலம் காலியாகவே திரும்பிப் போனது.

இராமகிருஷ்ணன் இடுப்பில் கைவைத்து எதிரே நின்றபோது ஆனந்தனின் போன் அடித்தது. ரேணுகா.

"இன்னாங்க, லெட்டர் குடுத்துட்டாரா?"

காகிதம் அவன் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. அதைச் சொன்னால் அவள் எழுதித் தந்த மனுவையும் சொல்ல வேண்டும். ஆனந்தன் முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்ல ரேணு. தரமாட்டேன்னுட்டான், பாவி."