புள்ளி நான்கு மில்லிமீட்டர் வளைவு

போன ஞாயிற்றுக்கிழமை என் பேஸ் கிதாரைப் பார்க்க இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். கைப்பேசியில் விளம்பரம் போட்டு மூன்று வாரமாகிறது. அதுவரை வந்ததெல்லாம் "லாஸ்ட் எவ்ளோ?" என்ற ஒற்றை வரிதான். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது, பொருளைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கும். நேரில் வருகிறவர்களாவது மனிதர்களாக இருப்பார்கள் என்று நினைத்து உறையின் ஜிப்பைத் திறந்தேன்.

கடற்காற்றில் ஊறிய ரெக்சின் வாடை குப்பென்று வந்தது. கூடவே புளித்த மாவின் வாடையும். இரண்டாவது என் மூக்குக்கு மட்டும்தான் வரும். அது ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருவன் கிதாரைத் துப்பாக்கிபோல் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தான். "ப்ரோ, நெக்கு லைட்டா பெண்டு கீது. பாதியா பண்ணிக்கலாமா?" என்றான். அதே நேரம் உறைக்குள்ளிருந்து நூல் கட்டிய சிவப்புச் சீட்டு ஒன்று தரையில் விழுந்தது. நான் சட்டென்று அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டு கம்பெனிச் சீட்டு. படிப்பு முடிந்ததும் மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் சேர்ந்திருந்தேன். வெளியிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, அளவு தப்பினால் சிவப்புச் சீட்டு கட்டுவது வேலை. கட்டிய சரக்கைத் திருப்பி அனுப்புவோம் என்று நினைக்காதீர்கள். குறை இருக்கிறது என்று காட்டி விலையைக் குறைப்போம். பிறகு குறையே இல்லாததுபோல் அதே வண்டியில் மாட்டுவோம். இதற்கு 'டீவியேஷன்' என்று பெயர். இப்போது சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. அப்போது சட்டைப் பையில், இடைவெளியில் மெல்லிய தகடு செருகி அளக்கும் பட்டை இடுக்களவியை வைத்துக்கொண்டு நடப்பதில் எனக்கு என்ன மிதப்பு என்கிறீர்கள்! படாளத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் கரண்டு பில்லிலிருந்து மாத்திரை அட்டைவரை என்னிடம்தான் நீட்டுவார்கள். "தெரியாது" என்ற சொல்லை நான் பழகவே இல்லை. பழகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

செங்கல்பட்டில் துரை அண்ணன் ஆர்கெஸ்ட்ரா நடத்திவந்தார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் எல்லாம் போவோம். பின்வரிசையில் டாம்பரின் குலுக்குகிற ஆள் நான். இடைவேளையில் பேஸ் வாசிக்கும் மைக்கேலின் கிதாரை வாங்கித் தடவித் தடவிக் கொஞ்சம் கற்றிருந்தேன். மைக்கேலுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. துரை அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சொந்தமா பேஸ் வாங்கிகினு வா. ஆடி மாசத்துலேர்ந்து அந்த சேரு உன்து. இல்லாங்காட்டி வேற ஆளு ரெடியா கீறான்."

அந்த நாற்காலிக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன் என்பதுதான் விஷயம்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் பிரபு மாமல்லபுரத்துக்காரன். "மச்சான், எங்க ஊரு நாஸ்தா கடைல ஒரு கிதாரு தொங்குது. நாலு கம்பிதான் கீது, ரெண்டு அறுந்துபோச்சி போல," என்றான். பேஸுக்கு நான்குதான் என்று விளக்குவதற்குள் பஸ் சிங்கபெருமாள்கோயில் தாண்டிவிட்டது.

கடை செல்வி அக்காவுடையது. கடற்கரைக்குப் போகும் சந்தில் தகரக் கூரை, மூன்று பெஞ்சு. பின்னறையில் இரண்டு சீசன் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர், ஊருக்குப் போகும்போது கிதாரை அவளிடமே விட்டுவிட்டு, பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல் விற்றுக்கொள் என்றாராம். நானும் சென்னையில் நாலு கடை ஏறி விசாரித்திருந்தேன். அந்த மாடல் பழசுக்கு அதே பன்னிரண்டுதான் நியாயமான விலை. போனஸ் பணம் பன்னிரண்டாயிரம் பையில் இருந்தது. கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதானே?

"வர்றதுல ஒரு ஃப்ரிட்ஜு வாங்கலாம்னு கீறேன், தம்பி. வெயில்ல மாவு நிக்கவே மாட்டேங்குது," என்றாள் அக்கா.

நான் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து கிதாரின் கழுத்தில் வைத்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இடுக்களவியைச் செருகிப் பார்த்தேன். புள்ளி நான்கு மில்லிமீட்டர். கம்பெனியில் அவ்வளவு வளைவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புதான்.

"நெக்கு வளைஞ்சிருக்குக்கா," என்றேன். நம்புங்கள், பொய் சொல்லவில்லை. எனக்கு இரும்பு தெரியும், கிதார் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிரபு உடனே பிடித்துக்கொண்டான். "இன்னாக்கா இது, கோணக் கழுத்த வெச்சிகினு பன்னெண்டு கேக்குற? டீவியேஷன்ல வேணா ஆறுக்கு எடுத்துக்கறோம்."

"நீ சும்மா இருடா, உன்ன யாரு கேட்டா?" என்று அவனை அதட்டிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்ச புள்ள. கருவி வெச்சி அளந்து சொல்ற. நெசமாவே கோணலா, தம்பி?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். ஆறாயிரத்துக்குக் கொடுத்துவிட்டாள். பிரபு சிரித்துக்கொண்டே என் பையிலிருந்து சிவப்புச் சீட்டை உருவினான். நான் அதில் அளவை எழுத, அவன் கிதாரின் தலையில் கட்டினான். அன்று மதியம் அவனுக்கு பிரியாணி வாங்கித் தந்தேன். மிச்சப் பணத்தில் ஆம்ப்ளிஃபயர்.

வீட்டுக்கு வந்து, கழுத்து மரத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் திருகை முறுக்கி முறுக்கி, ஸ்கேல் வைத்தால் இம்மி வெளிச்சம் தெரியாமல் நேராக்கினேன். ஒத்திகையில் முதல் கம்பியைத் தட்டியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது, தகர டப்பால வண்டு பூந்த மாரி கீது?" என்றார் துரை அண்ணன்.

கணக்கு முடிக்க வந்திருந்த மைக்கேல் கிதாரை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "எவன்டா இத ரூலர் மாரி நிமுத்தி வெச்சது? கொஞ்சம் வளைவு வேணும்டா. அப்பத்தான் கம்பி ஆட எடம் கெடைக்கும்." திருகைத் தளர்த்தினான். வண்டு போய்விட்டது. அப்படி ஒரு கனத்த, வயிற்றில் இறங்குகிற ஒலி. பிறகு நான் ரகசியமாக அளந்து பார்த்தேன். புள்ளி நான்கு.

ஆடி மாதம் நாற்காலி எனக்குக் கிடைத்தது. கூழ் ஊற்றும் மேடைகளில் வாசித்தேன். அடுத்த லீவு நாளில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு லீவு நாளிலும் நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து ஆறாயிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு தோசை போட்டு வைத்தாள். "மாவு புளிச்சிப்போச்சி, தம்பி. ஃப்ரிட்ஜு இன்னும் வாங்கல. பிடிக்கலன்னா வெச்சிடு." வாயில் வைத்ததும் உமட்டியது. விழுங்கினேன்.

"அந்தக் கோணக் கிதாரு வாசிக்க வருதா?"

"வருதுக்கா."

"எனக்கு மனசே கேக்கல. படிக்கிற புள்ள மாரி கீற, கெட்டுப்போன பொருள உன் தலைல கட்டிட்டேனேன்னு." தோசைக்குக் காசு நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பையில் பணம் இருந்தது, வாயில் தோசை இருந்தது, எதிரே அவள் இருந்தாள். சொன்னால் படித்த பிள்ளை என்ற பேர் போய்விடும். அந்தப் பேரைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பூஞ்சேரி வருவதற்குள் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். நடத்துனர் திட்டியது எனக்கு இதமாகக்கூட இருந்தது.

மறுபடி போக இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் அவள் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை வந்திருந்தது. வாசலிலேயே ஆளுயர ஃப்ரிட்ஜ், உள்ளே விளக்குப் போட்டு கேக் அடுக்கியிருந்தது. சந்தில் கேட்டேன். செல்வி அக்கா எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. துரை அண்ணன் மேடையில் இப்போது பேஸ் நாற்காலியும் இல்லை. பென் டிரைவில் பேஸ் வருகிறது. அதனால்தான் விற்க நினைத்தேன்.

போன ஞாயிறு வந்த பையன்களிடம் சொன்னேன்: "நெக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. இந்த வளைவு இருந்தாத்தான் கம்பி ஆடும்."

பாதி விலை கேட்டவன் கிதாரை உறையின்மேல் வைத்துவிட்டு நண்பனைப் பார்த்துச் சிரித்தான். "விக்கிறவங்க எல்லாரும் அப்டித்தான் ப்ரோ சொல்லுவாங்க."

அவர்கள் போன பிறகுதான் சிவப்புச் சீட்டின்மேலிருந்து காலை எடுத்தேன். சீட்டில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. எல்லாரும் இல்லை, தம்பி. நல்ல பொருளை விற்றுவிட்டு, கெட்ட பொருளைக் கொடுத்துவிட்டோமே என்று ஐந்து மாதம் வருந்திய ஒருத்தி இருந்தாள்.