நாலந்தாவில் மைனஸ் நாற்பது

கொழும்பிலிருந்து விடியுமுன் புறப்பட்ட பஸ், என்னையும் செல்வியையும் மாத்தளையில் இறக்கியபோது மணி ஒன்பதரை. என் கையிலிருந்த பெட்டிக்குள் முழ நீள அலுமினிய ‘மீன்’ ஒன்று. படகின் பின்னால் கட்டி நீருக்கடியில் இழுத்தால், மூக்கிலுள்ள சுழலி வேகத்தையும் வயிற்றிலுள்ள அமுக்கமானி ஆழத்தையும் சொல்லும். இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் வடிவமைத்தது. இன்று நாலந்தா நீர்த்தேக்கத்தில் ஒழுங்காக ஓடினால் கடலோரக் களப்புகளை ஆராயும் குழுவொன்று வாங்கும். இல்லாவிட்டால் எங்கள் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

நாலந்தா வடக்கே இருபத்தைந்து கிலோமீட்டர்; முச்சக்கரவண்டிக்கு மூவாயிரம் ரூபாய். சாரதி பாரூக் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“கொழும்புலருந்து மீனா தங்கச்சி? எங்க கொளத்து மீனுக்கு என்ன கொறச்சல்?”

“இத திங்க ஏலாது நானா, கணக்குத்தான் சொல்லும்,” என்றாள் செல்வி. மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஊர்க்காற்று பட்டதும் பேச்சே மாறிவிட்டது.

கரையில் வைத்து மீனை இயக்கினேன். ஆழம்: மைனஸ் நாற்பது சென்டிமீட்டர். தண்ணீரையே தொடாத மீன், அதற்கு மேலே பறப்பதாகச் சொன்னது. நேற்று கொழும்பு வெள்ளவத்தையில், என் வீட்டில், சரியாகப் பூச்சியம் காட்டியதே! உள்ளே ஏதோ கெட்டுவிட்டதென்று நானே முடிவுகட்டித் திருப்புளியை எடுத்தேன். திறந்தால் பசை அடைப்பு உடையும். அன்று தண்ணீரில் இறக்க முடியாது.

“தொறக்காதீங்கண்ணே!” செல்வி பறித்துக்கொண்டாள். “பூச்சியம் எங்க வச்சுப் போட்டீங்க?”

“வீட்டில்.”

“அது கடலோரம். இங்க மேல ஏறி வந்திருக்கோம்ல, காத்தமுக்கம் கொறையும். மீனு சரியாத்தான் சொல்லுது.” சிரித்தாள். “கொழும்பப் பூச்சியம்னு வச்சு அளந்தா, நாங்கள்லாம் பொறந்ததுலருந்தே மைனஸ்தானே.”

என்னால் சிரிக்க முடியவில்லை. வேறு கரையில் நின்று யாரும் அளப்பார்கள் என்று நான் யோசித்தே இருக்கவில்லை.

அங்கேயே புதிதாகப் பூச்சியமிட்டு, வாடகைப் படகொன்றில் ஏறி மீனை இறக்கினோம். வேகம் கூடினால் மேலே எழும்பிவிடுமோ என்று பயந்தோம். செல்வி சரித்து வைத்த செட்டைகள் அதை நான்கு மீட்டரிலேயே பிடித்து வைத்தன. காட்டிய வேகமும் கைபேசி சொன்ன வேகமும் ஒத்துப்போயின. கரையேறும் முன்பே பதிவுகளைக் குழுவுக்கு அனுப்பினோம். வாங்கிக்கொள்வதாகப் பதில் வந்தது. படகில் இருக்கிறோம் என்பதையும் மறந்து எழுந்து குதித்தேன்.

செல்வி மாத்தளையில் தன் வீட்டில் தங்கிவிட்டாள். தனியே கொழும்பு திரும்பி, என் வீட்டு மேசைமேல் மீனை வைத்து இயக்கினேன். ஆழம் நாற்பது சென்டிமீட்டர். நாலந்தாக் கணக்கில் என் வீடு தண்ணீருக்கடியில் இருந்தது. படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

“மூச்சு விட முடியுதா அண்ணே?” என்று கேட்டிருந்தாள்.

இந்த முறை சிரித்தேன். அந்தப் பூச்சியத்தை நான் இன்னும் மாற்றவில்லை.