கார்த்திகையில் ரதம் ஓடாது

“உங்கள் ஆப் இயங்கவில்லை. நிராகரிக்கப்படுகிறது.” ஆப் கடையிலிருந்து வந்த அந்த மின்னஞ்சலை நான் தொழிற்சாலை கேன்டீனில் கையில் பாதி தின்ற கறிபாப்புடன் படித்தேன். கறிபாப்பைத் தட்டில் வீசிய வேகத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

நாற்பத்து மூன்று வயதில் நான் செய்த முதல் ஆப் அது. பகலெல்லாம் மெஷினைச் சரிபார்க்கும் வேலை, வீட்டுக்கு வந்ததும் வீடியோ பார்த்துப் பார்த்துப் படிப்பு என்று எட்டு மாதம் போனது. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில் ரதம் புறப்பட்டால், எப்போது எந்தச் சாலைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் ஆப் சொல்லும். நான் ரதத்தோடு நடப்பேன், என் ஃபோன் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், வரைபடத்தில் ஒரு சின்ன ரதம் நகரும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஊருக்காகச் செய்தேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். என் அக்காவுக்காகச் செய்தேன். பாகான் டாலாமில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ரதத்தின் முன்னால் தன் கையால் தேங்காய் உடைக்க வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். போன வருஷம் டத்தோ கிராமாட் சாலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் தாங்காமல் தலைசுற்றி விழப்போனதும், அவள் வீட்டுக்காரர் காடியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அரை மணி நேரத்தில் ரதம் அங்கே வந்தது. அடுத்த வருஷம் அவளை அரை மணிக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

இந்தக் கதையெல்லாம் ஆப் கடைக்காரர்களுக்கு எதற்கு? அவர்களுடைய ஆள் ஒருவர், எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாரோ, கார்த்திகை மாதத்தில் என் ஆப்பைத் திறந்திருக்கிறார். ரதம் கோயிலில் நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிஷம் பார்த்தாராம், அசையவில்லையாம். “வரைபடத்தில் எந்த இயக்கமும் இல்லை” என்று எழுதிவிட்டார். ரதம் கார்த்திகையில் ஓடாது ஐயா! வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓடும்!

மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். தைப்பூசம் என்றால் என்ன, ரதம் ஏன் இப்போது நிற்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினேன். படங்கள் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முதலில் வந்த அதே பத்தி, ஒரு எழுத்துகூட மாறவில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி அதே பத்தி. சுவரோடு பேசியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது, சுவர் என்னை நிராகரிப்பதில்லை. இப்படியே மார்கழியும் போனது. தைப்பூசத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை.

என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருநாள் என் புலம்பலைப் பொறுக்க முடியாமல் கேட்டான்.

“நீ என்ன கோர்ட்டுல கேஸா நடத்துற? அவனுக்கு ரதம் ஓடணும். ஓட்டிக் காட்டேன் லா. டெமோ ஒண்ணு போடு, முடிஞ்சுது.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன். என் ஃபோனிலிருந்து சேதி எதுவும் வராத நேரத்தில், ஒரு பொய் ரதம் தானாகக் கோயிலிலிருந்து புறப்பட்டு, சாலைகளில் ஓடி, முருகன் கோயில் மலையடிக்குப் போய்ச் சேர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து புறப்படும். உண்மையான சேதி வந்துவிட்டால் பொய் ரதம் மறைந்துவிடும். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

ரதப் புறப்பாட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அனுமதி வந்தது. பொய்யைக் காட்டியதும் வாழ்த்துச் சொல்கிறார்கள்! அக்காவுக்கு இணைப்பை அனுப்பி, “நாளைக்குக் காலையில திறந்து பாருக்கா. ரதம் கிட்ட வந்ததும் காடிய விட்டு எறங்கு, போதும்” என்றேன்.

மறுநாள் விடியும்போதே ரதத்தோடு நடக்க ஆரம்பித்தேன். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு கூட்டம் சேரச் சேர ஃபோனில் லைன் போய்விட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் வேறென்ன ஆகும்? லைன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆப்பில் ரதம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்கும், லைன் வந்ததும் நகரும் என்றுதான் என் மண்டைக்குத் தோன்றியது.

டத்தோ கிராமாட் சாலைக்கு ரதம் வந்தபோது மணி ஒன்றரை இருக்கும். இரண்டு பக்கமும் தேங்காய்கள் சிதறின. அக்கா எப்போதும் உட்காரும் இடத்தில் அவள் இல்லை. நாற்காலியும் இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எட்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்திருக்கிறேன், வீட்டை விட்டுக் கிளம்பவில்லையா?

கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு சந்துக்குள் வந்த பிறகு லைன் கிடைத்தது. அவள் “ஹலோ” சொல்வதற்குள் கத்தினேன்.

“எங்கக்கா போன? ரதம் இப்பதான் தாண்டுது!”

“வந்தேன்டா. பத்து மணிக்கே வந்தேன்” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “ஆப்புல ரதம் நேரா என் கிட்ட வந்துச்சு. அப்புறம் என்னைத் தாண்டிப் போயிருச்சு. ரோட்டுல ஒண்ணுமே இல்ல. பக்கத்துல இருந்தவங்க இன்னும் வரல, இன்னும் வரலன்னு சொன்னாங்க. என் தம்பி செஞ்சது, அது தப்பா காட்டாதுன்னு நான் அவங்களோட சண்டை போட்டேன். வேற ரோட்டுல போகுது போலன்னு இவரக் காடி எடுக்கச் சொல்லி, அது காட்டுன எடமெல்லாம் சுத்துனோம். ரோடெல்லாம் அடைச்சு வச்சிருக்கான். ஒடம்பு முடியலடா. வீட்டுக்கு வந்துட்டோம்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். லைன் போனதுமே என் ஃபோனிலிருந்து போகும் சேதி நின்றுபோயிருக்கும். அவள் துரத்திக்கொண்டு போனது எதை என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ரூட்ட மாத்திட்டாங்களாடா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. கடைசி நேரத்துல மாத்திட்டாங்க.”

“அதானே” என்றாள். “இவரும் ஆப்பு தப்புன்னு அப்பலேருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. இரு, அவர்கிட்ட ஃபோனக் குடுக்குறேன். நீயே சொல்லு.”