மயக்கத்தில் இருந்தவர் போட்ட கையெழுத்து

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குப் 'பூட்டக்கா' என்று பெயர். மின்கையெழுத்துகளைக் கண்காணிப்பது அவள் வேலை. அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் விரல் நீளத்தில் ஒரு டோங்கிள் உண்டு. அதைக் கணினியில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் அவர் கையெழுத்து விழுந்துவிடும். இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். அவள் நகர்ந்ததும், "பூட்டு வந்துட்டுப் போகுது" என்று சிரிப்பார்கள்.

ஒரு காலையில் தையல்காரர் ஒருவர் வந்து நின்றார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஆக்கிரமிப்பு என்று அவர் கடையை இடித்துவிட்டார்கள். இடிக்க வேண்டியதோ பின்தெருவில் அதே கதவு எண்ணுள்ள கொட்டகை.

"கையெழுத்துப் போட்டவரு ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்மா. யாரு அவரு?"

உத்தரவில் இருந்தது பொறியாளரின் கையெழுத்து. ஆனால் அது விழுந்த நாளில் அவர் அறுவை சிகிச்சை மேசையில் நினைவில்லாமல் கிடந்தார். எந்தக் கணினியில் கையெழுத்து விழுந்தது என்று பார்த்தாள். அது தட்டச்சு வேலை பார்க்கும் அவள் ஓரகத்தியின் கணினி. கொழுந்தன் மனைவி, ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அன்று மாலை சமையலறையில் கேட்டாள்.

"நான்தான்க்கா போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னாடி சாரே டோங்கிளையும் நம்பரையும் குடுத்து, வர்ற ஃபைலையெல்லாம் தள்ளிவிடும்மான்னாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"தெருப் பேரையாவது படிச்சியா?"

ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காட்டிக் குடுத்துடாதீங்கக்கா."

பொறியாளர், தான் யாரிடமும் கொடுக்கவில்லை என்று சாதித்தார். ஆணையர் பூட்டக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடுங்கம்மா. அவருக்கும் நல்லது, உங்க வீட்டுப் பொண்ணுக்கும் நல்லது."

"தையல்காரருக்கு சார்?"

"கோளாறுக்கு யாரும்மா பொறுப்பு?"

வீட்டில் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். "நாலு வார்த்தை மாத்தி எழுதினா குடியா முழுகிடும்?"

"அந்தத் தையல்காரரு குடி முழுகிப் போச்சேங்க."

இருந்தும் எழுத உட்கார்ந்தபோது 'கோளாறு' என்று ஒருமுறை அடித்துப் பார்த்தாள். எவ்வளவு சுலபமாக இருந்தது! அழித்துவிட்டு, டோங்கிளைக் கொடுத்தவர் பெயரையும் வாங்கியவள் பெயரையும் எழுதினாள்.

இடிப்பு உத்தரவு ரத்தானது. கடையை நகராட்சியே கட்டித்தர வேண்டும் என்று முடிவானது. தையல்காரர் தார்ப்பாய் நிழலில், இரவல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டு காத்திருந்தார். பொறியாளருக்கு வெறும் இடமாற்றம். ஓரகத்தி தற்காலிக ஊழியர் என்பதால் வேலையே போயிற்று. எய்தவன் இருக்க அம்பை நோகாதீர்கள் என்று பூட்டக்கா மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை.

கொழுந்தன் சட்டிபானையோடு தனிக்குடித்தனம் போய்விட்டார். போகிற அன்று யாரும் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஓரகத்தியையும் அவள் சின்ன மகளையும் பார்த்தாள். சின்னவள், "பெரியம்மா!" என்று கையை ஆட்டினாள். ஓரகத்தி திட்டவில்லை, முறைக்கவில்லை. மகளின் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.