டீக்கடைச் சுவரில் ஒரு மீன்

சங்கிலி பொய்யே சொல்லமாட்டார் என்று ஊரில் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால் இரண்டு விரற்கடை கூட்டித்தான் சொல்வார். அவர் பார்த்த பாம்புக்கு எப்போதும் ஒரு முழம் கூடுதலாக இருக்கும். ஆனால் அடுத்தவர் பொருளில் கை வைக்கமாட்டார். அதற்கு யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள், அல்லது அப்படித்தான் அவர் அறுபத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார்.

திருவாதவூருக்குக் கிழக்கே உடையனேந்தல் கண்மாயில் நாற்பது வருஷமாக மீன் பிடிப்பதும், மீனுக்குக் காவல் இருப்பதும் அவர் வேலை. கடந்த இரண்டு வருஷமாக ஊர்க் கமிட்டி விட்ட மீன் குஞ்சுகளில் பாதிகூடத் தேறவில்லை. கமிட்டித் தலைவர் பாண்டியராஜன் கூட்டத்தில் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணே, நான் உங்களைச் சொல்லல. காவல்ல எங்கயோ ஓட்டை இருக்கு."

அந்த 'உங்களைச் சொல்லல'தான் சங்கிலியைச் சுட்டது. நேராகத் திருடன் என்றிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பார்.

"கள்ளன் கரைல இல்ல, தண்ணிக்குள்ள இருக்கான். பெரியாத்துத் தண்ணியோட வந்த வாளை. குஞ்சு பூராத்தையும் அதுதான் திங்குது" என்றார்.

யாரும் நம்பவில்லை. மறுநாள் டீக்கடைக்காரன் ஜெயக்கொடி, "எம்புட்டுப் பெருசுண்ணே இருக்கும்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். சங்கிலி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே அகட்டிக் காட்டினார். போதவில்லை. சுவரோரம் நடந்து, இங்கிருந்து இதுவரைக்கும் என்று காட்டினார். ஜெயக்கொடி சும்மா இருப்பவனா? பாய்லர் கரியை எடுத்துச் சுவரில் இரண்டு கோடு கிழித்து, நடுவில் 'சங்கிலி அண்ணன் மீன்' என்று எழுதியும் வைத்தான். ஒரு மாதம் ஊரே அதைப் படித்துப் படித்து டீ குடித்தது.

பாண்டியராஜன் மட்டும் சிரிக்கவில்லை. "புதன்கிழமை புதுக் குஞ்சு வண்டி வருதுண்ணே. அதுக்குள்ள புடிச்சுட்டீகன்னா சரி. இல்லைன்னா காவலுக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம். நீங்களும் ஓய்வா இருக்கலாம்ல" என்றார். ஓய்வாம் ஓய்வு. திருட்டுப் பட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சங்கிலி லாரி டியூபைத் தண்ணீரில் தள்ளி அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். ரப்பர் செருப்பைக் கழற்றிக் கைகளில் மாட்டிக்கொண்டார். அவருக்குத் துடுப்பு அதுதான். சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு தூண்டில் முள்ளில் உயிர்க்கெளுத்தியைக் கோத்து, நைலான் கயிற்றின் மறுமுனையை டியூபில் கட்டினார். மூன்று நாளாக வராத வாளை இன்றைக்கு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நேற்று வரும் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

வெயில் முதுகில் ஏறும்போது டியூப் ஒரு குலுங்கு குலுங்கியது. கயிறு விறைத்தது. அடுத்த நொடியில் சங்கிலி கண்மாயின் நடுவே பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல.

தான் இழுக்கக் கூடாது, மீன் இழுக்கட்டும். அது ஒன்றுதான் அவர் கணக்கு. காற்றடைத்த டியூபையும் அதன்மேல் ஓர் ஆளையும் இழுத்துக்கொண்டு எந்த மீனும் நாள் முழுக்க ஓட முடியாது. வாளையும் லேசுப்பட்டதில்லை. நேராகத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த கருவேல மரங்களுக்குள் புகுந்து, கயிற்றை அடிமரத்தில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இனி ஓர் உதறு உதறினால் கயிறு அறுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் பாலித்தீன் பையோடு தொங்கிய போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி ராமக்காள்.

"கஞ்சி ஆறிக் கெடக்கு. எங்க இருக்கீக?"

"வேலையா இருக்கேன். மாட்டிக்கிருச்சு."

"மீனா, நீங்களா?"

சங்கிலி கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு ரெண்டு பேரும்தான்."

"ஆள் அனுப்பவா?"

"ஒருத்தரும் வேணாம். நாளைக்கு அவன் புடிச்சது, இவன் புடிச்சதும்பாக. வையி, வாரேன்."

போனை டியூபில் கட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வலித்தது. மூச்சடக்கி முழுகி, கயிற்றைத் தடவிக்கொண்டே போய், இடுப்புக் கத்தியால் கிளைகளை நறுக்கினார். முள் உள்ளங்கையில் ஏறியது. மூன்றாவது முழுக்கில் மார்பு வெடிக்கப் பார்த்தது; பயந்துதான் போனார். நாலாவது முழுக்கில் கயிறு விடுபட்டது. தாவி டியூபைப் பிடித்துத் தொற்றி ஏறுவதற்குள் மீன் கிளம்பிவிட்டது.

பெரிய மீன் களைத்தால் ஆழத்துக்குத்தான் போகும். இந்தக் கண்மாயில் ஆழம் என்றால் கரையோரத்து மடைக்குழி. ஆக, ஒரு கை துடுப்புப் போடாமல் சங்கிலி கரைக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு சவாரி கிடைத்ததில்லை.

உச்சிவெயிலில் அது வெள்ளை வயிற்றைக் காட்டியது. மடைப்படியில் நின்று, வாளைக்குச் செதில் இல்லை, வெறுங்கைக்கு அடங்காது என்பதால், துண்டை நனைத்துக் கையில் சுற்றிச் செவுளுக்குள் விட்டார். ஒரே சுழற்று. ஆள் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தார். கை மட்டும் செவுளை விடவில்லை. விழுந்து எழுந்து, முட்டியில் தோல் பெயர, படிப்படியாக அதைக் கரைக்கு ஏற்றினார். ஏற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார். அத்தனை சந்தோஷம்.

மூச்சு வந்ததும் சாண் போட்டு அளந்தார். ஏழு சாண். சுவரில் காட்டியது எட்டு என்று அவருக்குத் தெரியும். மறுபடியும் அளந்தார். மீன் வளரவில்லை.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த மீனைப் பார்த்த பிறகு எவனும் அளவு கேட்கப்போவதில்லை. சங்கிலி அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, வால் தரையில் இழுபட, டீக்கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பாண்டியராஜன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சுவர்ல வச்சுப் பாருங்கப்பா" என்றார் சங்கிலி.

இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். தலை ஒரு கோட்டில் இருந்தது. வால் மறுகோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஜெயக்கொடி ஈரத்துணியை எடுத்தான். "இருங்கண்ணே, கோட்டைத் தள்ளிப் போட்டுர்றேன்."

"அழிக்காத. ஒரு சாண் நான் கூடச் சொன்னது. அது கெடக்கட்டும். மிச்சம் ஏழு சாணும் நெசம்."

பாண்டியராஜன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே, அன்னைக்கே நான் உங்களைச் சொல்லலன்னு..."

"சொன்னீக தலைவரே. அதுலயும் ஒரு சாண் பொய் இருந்துச்சு."

பாண்டியராஜன் மீனைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "ஆமாண்ணே, இருந்துச்சு" என்றார். பிறகு, "நாளைக்கு வண்டிய எத்தன மணிக்கு வரச் சொல்ல?" என்று கேட்டார்.

"வெயிலுக்கு முன்ன வரச் சொல்லுங்க. குஞ்ச மேலக்கரைல விடுவோம்" என்று சொல்லிவிட்டு, சங்கிலி முள் ஏறிய கையில் டீயை வாங்கிக்கொண்டார்.