துக்க மணிக்கு நான் ப்ரோக்ராம் எழுதவே இல்லை

எனக்கு நம்பிக்கை கடவுளோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எதுவாக இருந்தாலும் எப்போது நடந்தது, எங்கே பதிவானது, யார் பார்த்தது என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன். வீட்டில் ஒரு கிளாஸ் தானாக விழுந்து உடைந்தால், மேசை சரிவாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு "பிள்ளை எதையோ கற்பனை பண்ணியிருக்கு" என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசமானதை எங்கள் கோயில் மண்டபத்தில், பூசை முடிந்து வந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டாகிவிட்டது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கு கண்டியிலிருந்து திகன போகிற பக்கம். பெயர் வேண்டாம். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த அந்தோனி அண்ணன் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட, காலை, நண்பகல், மாலை மூவேளை மணி அடிக்க ஒழுங்கான ஆள் இல்லாமல் போனது. நான் டவுனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன் என்பதால் ஃபாதர் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளங்கையளவில் ஒரே பலகையில் அடங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதை மணிக்கோபுரத்தில் வைத்து ஒரு மோட்டாரோடு இணைத்தால் நேரத்துக்கு அதுவே அடிக்கும் என்றேன். சும்மாதான் செய்து தருகிறேன் என்றும் சொன்னேன், அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பொருத்தியாகிவிட்டது. வயர் நுனிகள் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் போர்ட் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. அதுவரை கை கட்டி இருக்க எனக்குப் பிடிக்காது, என் லெப்டொப்பில் ஒரு வேர்ச்சுவல் மெஷின் போட்டேன். கேள்விப்படாதவர்களுக்காக: அது கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். போர்டில் ஓடப்போகும் அதே சிஸ்டத்தை அதில் ஏற்றி, ப்ரோக்ராமை எழுதி, சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம், போர்ட் கைக்கு வந்ததும் அப்படியே மாற்றிவிடலாம். அங்கே மணி இல்லை என்பதால், ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி, நேரத்தோடு, ஒரு கோப்பில் பதிவாகும்படி செய்திருந்தேன். சத்தம் வராது. எழுத்து மட்டும்தான் வரும்.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை, துக்க மணி. எங்கள் பங்கில் அதற்கு ஒரு முறை உண்டு. இறந்தவரின் வீட்டாள் ஒருவர் நேரில் வந்து ஃபாதரிடம் சொல்லவேண்டும், சொன்ன பிறகுதான் அடிப்பார்கள். இழுத்து இழுத்து ஒவ்வொரு அடியாக அடித்து, கடைசியில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு சேர்த்து அடித்து முடிப்பார்கள். ஃபாதர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அத மெஷினுக்குக் குடுக்காதம்மா. ஒரு வீட்டு ஆள் வந்து அழுதுட்டு நிக்கும்போது கையால அடிக்கிறது அது." எனக்கும் அது சரியென்று பட்டது. அந்தப் பகுதியையே நான் தொடவில்லை. என் ப்ரோக்ராமில் அப்படி ஒரு வரி கிடையாது. இப்போதும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் செய்தவை இவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு நண்பகல் மணியைச் சோதித்தேன், சரியாகப் பதிவானது. பன்னிரண்டு ஐந்துக்கு வேர்ச்சுவல் மெஷினை உறங்க வைத்துவிட்டு லெப்டொப்பை மூடினேன். சாப்பிட்டேன். தலைக்குக் குளித்தேன். அம்மா வீட்டில் இல்லை. இரண்டு நாற்பதுக்கு நான் வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மேலே கோயில் மணி அடித்தது. இழுத்து இழுத்து. ஒவ்வொன்றாக.

ஊரே கேட்டது. செல்வி அக்காவின் கணவர் அப்போது பேராதனை ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடந்தார். முதல் நாலு அடியிலேயே அந்த மனுஷி கிணற்றடியில் விழுந்துவிட்டார், நெற்றியில் ஐந்து தையல். ஃபாதர் அந்த நேரம் கலகெதரயில் ஒரு பூசையில் இருந்தார், கோபுரச் சாவி அவருடைய சட்டைப் பைக்குள். கதவில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. செல்வி அக்காவின் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். பங்கில் யாருமே சாகவில்லை. அப்படியானால் யார் செய்த வேலை? கம்ப்யூட்டர்காரி செய்த வேலை. முடிந்தது விசாரணை.

மறுநாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கதிரை போட்டுக் கூட்டம். பங்குச் சபைச் செயலாளர் பெனடிக் அங்கிள்தான் தொடங்கினார்.

"மகள், வெளையாட்டுக்குச் செஞ்சிருந்தா சொல்லிரு. நாங்க என்ன, தூக்குலயா போடப்போறோம்?"

"அங்கிள், வயரே இணைக்கல. போர்டே வரல. எதால அடிக்கிறது?"

"இப்ப கதவையே போன்ல தெறக்கிறாங்க. வயர் எதுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதற்குப் பிறகுதான். என் பக்கம் சுத்தம் என்று தெரியும் அல்லவா, லெப்டொப்பை மேசையில் வைத்து எல்லோரையும் கிட்ட வரச் சொல்லி, வேர்ச்சுவல் மெஷினை எழுப்பி, அந்தப் பதிவுக் கோப்பைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், நானும் அப்போதுதான் முதன்முறை பார்க்கிறேன்.

பன்னிரண்டு மணி, நண்பகல் மணி, சரி. அதற்குக் கீழே பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கி ஒரு அடி. பத்து விநாடி கழித்து ஒரு அடி. அப்படியே பக்கம் முழுக்க. கடைசியில் இரண்டு அடி சேர்த்து.

"இந்தா, அதுவே சொல்லுதே!" என்றார் பெனடிக் அங்கிள்.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார், "மணி அடிச்சது ரெண்டு நாப்பதுக்கும்மா. இதுல பன்னெண்டு பத்துன்னுதானே இருக்கு?"

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்ததை மறைத்துப் பழக்கமில்லை. உறங்க வைத்த வேர்ச்சுவல் மெஷினுக்குள் கடிகாரமும் நின்றுவிடும், எழுப்பும்போது விட்ட இடத்திலிருந்துதான் ஓடும், ஆகவே யாராவது இரண்டு முப்பத்தைந்துக்கு அதை எழுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே பன்னிரண்டு பத்தாக இருக்கும் என்று நானே விளக்கினேன். அந்த நேரம் வீட்டில் யார் இருந்தது? நான் மட்டும்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அடித்தது பெண்ணுக்கான மணி, செல்வி அக்காவைப் பயமுறுத்த நினைத்திருந்தால் நான் மூன்றல்லவா அடித்திருப்பேன் என்று கேட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஃபாதர் "விடுங்க, விடுங்க" என்றார், அது எனக்காகச் சொன்னதா அவர்களுக்காகச் சொன்னதா தெரியாது. அடுத்த ஞாயிறு, பதினாறு வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுத்த என் அம்மாவை "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் பெயர்ப் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ அடிக்கலதானே?" என்னைப் பெற்றவர் கேட்ட கேள்வி அது.

பன்னிரண்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. எங்கள் பங்கில் ஞானம் அக்காவின் மூத்த மகள் ஸ்டெல்லா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் இறந்துபோய்விட்டாள் என்று ஏஜென்சிக்காரன் போனில் சொன்னான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம். வந்து சொல்ல வீட்டு ஆளுக்கே தெரியாத ஒரு சாவு.

எங்கள் வீட்டில்தான் ஞானம் அக்கா குவைத்திலிருந்து வந்த ஆஸ்பத்திரித் தாளைக் கொண்டுவந்து காட்டினார், ஆங்கிலம் வாசிக்கச் சொல்லி. மாரடைப்பு என்று இருந்தது. அதே சனிக்கிழமை. நேரம் பகல் பன்னிரண்டு பத்து. எனக்கு முதலில் என் கோப்பில் இருந்த எண் அது என்பது மட்டும்தான் உறைத்தது. அவர் போன பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே பன்னிரண்டு பத்து என்றால் இங்கே இரண்டு நாற்பது. நின்றுபோன கடிகாரம் என்று ஊர் முன்னால் நான் விளக்கம் சொன்னேனே, அது நின்ற கடிகாரம் இல்லை.

பெனடிக் அங்கிள் மன்னிப்புக் கேட்டாரா? கேட்கவில்லை. "கடவுள் ஒன்னக் கருவியா எடுத்திருக்கார் மகள்" என்றார். பொய்க்காரியிலிருந்து கருவியாக எனக்குப் பதவி உயர்வு. அம்மாவை வகுப்புக்கு வரச் சொல்லி ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஸ்டெல்லாவின் உடல் வந்த அன்று ஃபாதர் கையால் மணி அடித்தார். அன்று மாலையே வேர்ச்சுவல் மெஷினை முழுதாக அணைத்தேன். அந்த மெஷின் முழுவதும் லெப்டொப்பில் ஒரே பெரிய கோப்பாகத்தான் கிடக்கும், அதன் அளவைக் கடைசி இலக்கம் வரை கொப்பியில் எழுதி வைத்தேன், எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். போர்ட் பிறகு வந்தது, கம்பனி லெப்டொப்பில் புதிதாக எழுதிப் பொருத்தினேன், மூன்று வேளையும் ஒழுங்காக அடிக்கிறது.

ஆனால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளை வெளிநாட்டில், போன் கோல் இல்லை, ஒருக்கா பார்த்துச் சொல்லு. அந்த மண்டபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் வந்தார்கள். ஒருவருக்கும் திறந்து காட்டவில்லை. போன மாதம் திகனயிலிருந்து ஒரு உம்மா வந்தார், மகன் கட்டாரில் ட்ரைவர்.

"பதினாறு நாளாப் பேச்சு இல்ல மகள். எங்களுக்கு மணி இல்லதான். ஆனாலும் அதுல எங்கட புள்ளட ஏதும் இருக்கா எண்டு பார்க்க ஏலுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல் இல்லை. "ஒண்ணும் இல்ல உம்மா. நான் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல" என்றேன். பார்க்கவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அவர் பஸ் ஏறிய பிறகு லெப்டொப்பை எடுத்து, அந்தக் கோப்பைத் திறக்காமல், வெளியிலிருந்து அதன் அளவை மட்டும் பார்த்தேன். அணைத்து வைத்த மெஷினின் கோப்பு வளராது, வளர வழியே இல்லை. கொப்பியை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக மூன்று தடவை ஒப்பிட்டேன். கூடியிருந்தது கொஞ்சம்தான், சில வரிகள் சேர்ந்த அளவுக்கு. நான் அதைத் திறக்கவில்லை, மகன் பேசினாரா என்று கேட்கத் திகன பக்கம் இன்னும் போகவும் இல்லை.